புள்ளிக்குப் பின்னால்

"ஸமீஹா, கொஞ்சம் லேப் வரைக்கும் வந்துட்டுப் போம்மா. இப்பவே வா."

போனில் கொலெத் மதாம் அவ்வளவுதான் சொன்னார். எப்போதும் இரண்டு வார்த்தை சிரித்துப் பேசிவிட்டுத்தான் வைப்பார். அன்றைக்குச் சிரிப்பு இல்லை. திறந்த சாப்பாட்டு டப்பாவை அப்படியே மூடிவிட்டு ஸமீஹா ஸ்கூட்டியை எடுத்தாள். 2006ஆம் வருஷம், பிப்ரவரி மாதத்து மத்தியானம்.

சூஃப்ரென் வீதியில் கொலெத் மதாம் நடத்திவந்த ரத்தப் பரிசோதனை லேப் சின்னதுதான். ஆனால் அதற்கு மூன்று விதமான ஆட்கள் வந்தார்கள். மதாமின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கியவர். அந்தப் பழக்கத்தில், ஊரிலிருந்த பிரெஞ்சுக் குடியுரிமைக்காரக் கிழவர் கிழவிகள் காலையில் வெறும் வயிற்றோடு முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு அறிக்கை பிரெஞ்சில் வேண்டும், பிரெஞ்சுக்காரர்கள் அளக்கும் அளவில் வேண்டும். அப்புறம் சுற்றுவட்டாரக் கிளினிக்குகள் அனுப்பும் சாதாரண ஜனம். மூன்றாவது, ஊர் எல்லையிலிருந்த மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலிருந்து வருஷாந்திரப் பரிசோதனைக்கு வேனில் வந்து இறங்கும் தொழிலாளிகள். அவர்களுக்கு வேறு படிவம்.

இந்த மூன்று வித அறிக்கையையும் தயாரிக்கும் மென்பொருளை எழுதியவள் ஸமீஹா. காமராஜர் சாலையில், மாடியில், ராஜாங்கம் என்பவர் எட்டுப் பேரை வைத்து நடத்திய கம்பெனியில் அவளுக்கு நான்காவது வருஷம். அறிக்கையின் விதிகள் அடிக்கடி மாறும் என்பதால், ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைப் பட்டியல், எழுதி, அதை வரி வரியாகப் படித்து நடத்தும் இன்டர்பிரட்டர் ஒன்றைப் புரோகிராமுக்கு உள்ளேயே வைத்திருந்தாள். பிரெஞ்சுக்கு ஒன்று, கிளினிக்குக்கு ஒன்று, தொழிற்சாலைக்கு ஒன்று. ஒரே புரோகிராமுக்குள் மூன்று இன்டர்பிரட்டர்கள். ஒன்றின் பெயர்களும் எண்களும் இன்னொன்றின் கண்ணில் படாது. ஒன்று இடறி விழுந்தால் அதை மட்டும் துடைத்துவிட்டுப் புதிதாக எழுப்பிக்கொள்ளலாம். அந்தப் பகுதியை எழுதத்தான் அவளுக்கு மூன்று மாதம் பிடித்தது. அவளுக்குப் பெருமையான பகுதியும் அதுதான்.

முதலில் அவள் நினைத்தது அப்படி இல்லை. மூன்றையும் மூன்று தனிப் புரோகிராமாகவே ஓடவிடலாம் என்றுதான் ராஜாங்கத்திடம் சொன்னாள். அவர் லேபிலிருந்த பழைய கம்ப்யூட்டரை நினைத்துக்கொண்டு, "அந்த மெஷின் ஒண்ணு ஓடறதே பெரிசு. ஒண்ணுக்குள்ளயே வச்சுக்க. நீ பிரிச்சு வச்சா போதாதா?" என்றார். பிரித்து வைத்தாள். போன வருஷம் ஜூனில் லேபில் நிறுவியபோது, கூடக் கொடுத்த கையேட்டில் தன் கையாலேயே எழுதினாள்: ஒரு ஸ்கிரிப்டில் நேரும் கோளாறு மற்றொன்றை எட்டாது.

லேபில் மதாம் இரண்டு காகிதங்களை மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். ஒன்று, போன ஆகஸ்டில் அச்சடித்துக் கொடுத்த கிளினிக் அறிக்கை. பெயர் அஞ்சலாட்சி, வயது ஐம்பத்திரண்டு. கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.0. இன்னொன்று, ரத்தம் பார்க்கும் எந்திரம் தானாக அச்சடித்துத் தள்ளும் ஒல்லியான காகிதச் சுருளின் ஒரு துண்டு. மதாம் பழைய காலத்து ஆள். அந்தச் சுருள்களை நாள்வாரியாக நோட்டில் ஒட்டி வைப்பார். அதே அஞ்சலாட்சி, அதே நாள். கிரியாட்டினின் 1.9.

"காலையில அந்தம்மாவோட பொண்ணு வந்துச்சு," என்றார் மதாம். "அம்மா தேங்காய்த்திட்டுல மீன் ஏலத்துக்கு நிக்கறவங்க. முட்டி வலிக்கு டாக்டர் மாத்திரை எழுதறதுக்கு முன்னால, கிட்னி எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வரச் சொல்லி இங்க அனுப்பியிருக்காரு. நம்ம பேப்பர்ல ஒண்ணுன்னு, சரியா இருக்கற மாதிரி இருக்கு. அவரும் மாத்திரை குடுத்துட்டாரு. ஆறு மாசம் முழுங்கியிருக்கு. இப்ப கால் வீங்கி, மூச்சு வாங்கி, பெரிய ஆஸ்பத்திரியில படுத்திருக்கு. டயாலிசிஸ் பண்றாங்களாம். ஆறு மாசத்துல எப்படி இப்படி ஆகும்னு பொண்ணு கேக்குது. நான் சுருளை எடுத்துப் பார்த்தேன்."

தட்டச்சுப் பிழையாக இருக்கக்கூடாதா என்றுதான் ஸமீஹாவின் மனசு முதலில் தேடியது. ஆனால் அந்த எண்ணை யாரும் தட்டச்சு செய்வதில்லை. எந்திரத்திலிருந்து கேபிள் வழியாக நேராகப் புரோகிராமுக்கு வருவது அது.

அந்த நாளின் எல்லாக் கிளினிக் அறிக்கைகளையும் திரையில் வரவழைத்தாள். கிரியாட்டினின் 1.0. பொட்டாசியம் 4.0. ஹீமோகுளோபின் 11.0. அடுத்தவருக்கு 3.0, 9.0. அதற்கடுத்தவருக்கு 0.0. பத்தே முக்கால் மணிக்கு மேல் அன்றைக்கு வந்த பதினெட்டுப் பேருக்கும் புள்ளிக்குப் பின்னால் சுழியம்தான். சர்க்கரை, கொழுப்பு மாதிரி முழு எண்ணாக வருவதெல்லாம் சரியாக இருந்தன. அதனால்தான் யார் கண்ணையும் உறுத்தவில்லை.

"0.0 வந்தவங்களுக்கு?" என்று கேட்டாள்.

"அதுல ரெண்டு பேரை டாக்டரே திருப்பி அனுப்பிட்டாரு. மெஷின் மக்கர் பண்ணுதுன்னு நெனச்சு மறுநாள் திரும்பப் போட்டேன். சரியா வந்துச்சு." மதாம் கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்கே உன்னைக் கூப்பிட்டிருக்கணும்."

அன்று சாயங்காலத்துக்குள் ஸமீஹா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்தபோது, எழுதியவளுக்கே வெட்கமாக இருக்கும் அளவுக்கு அது சின்ன விஷயமாக இருந்தது.

நாம் ஒன்றே முக்காலை 1.75 என்று புள்ளி வைத்து எழுதுகிறோம். பிரெஞ்சுக்காரர்கள் அதே இடத்தில் காற்புள்ளி போடுவார்கள். பிரெஞ்சு அறிக்கையை அச்சடிக்கும்போது அந்த ஸ்கிரிப்ட், 'இனி எண்களைப் பிரெஞ்சு முறையில் வைத்துக்கொள்' என்று ஒரு கட்டளை தரும். முடிந்ததும் பழையபடி மாற்றிவிடும். ஸமீஹா அந்த மாற்றம் பிரெஞ்சு இன்டர்பிரட்டருக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தாள். அப்படி இல்லை. அது மொத்தப் புரோகிராமுக்கும் ஒன்றே ஒன்று. எந்த இன்டர்பிரட்டர் மாற்றினாலும் மூன்றுக்கும் சேர்ந்து மாறும்.

ஸ்கிரிப்ட் ஒழுங்காக முடிந்தால் பாதகமில்லை. ஆனால் பிரெஞ்சுப் படிவத்தில், மணமான பெண்களுக்குப் பிறந்த வீட்டுப் பெயரும் வேண்டும். அது காலியாக இருந்தால் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுவிடும். வயசான அம்மாக்கள் சிலர் அதைச் சொல்லாமல் போய்விடுவார்கள். மதாம் அவர்களுக்குப் போன் போட்டு, மறுநாள் பிரெஞ்சு அரசு கொடுத்த குடும்பப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்வார். பாதியில் நின்ற இன்டர்பிரட்டரை ஸமீஹாவின் புரோகிராம் துடைத்துவிட்டுப் புதிதாக எழுப்பும். ஆனால் அது மாற்றி வைத்துவிட்டுப் போன எண் முறை வெளியே அப்படியே நிற்கும். அடுத்த பிரெஞ்சு அறிக்கை ஒன்று முழுசாக முடிந்தால் தானாகச் சரியாகிவிடும். அன்றைய கடைசிப் பிரெஞ்சு அறிக்கையில் இடறினால் மட்டும், மறுநாள் காலை கம்ப்யூட்டரை அணைத்துப் போடும்வரை, புள்ளி என்றால் என்னவென்றே புரோகிராமுக்குத் தெரியாது. 1.9 என்று வருவதில் ஒன்றைப் படித்துவிட்டுப் புள்ளியைக் கண்டதும் நின்றுகொள்ளும். கிளினிக் படிவம் புள்ளியையும் அதன்பின் ஓர் இலக்கத்தையும் தானே போட்டுக்கொள்வதால் தாளில் 1.0 என்று வந்துவிடும்.

மதாமின் முன்னாலேயே செய்து பார்த்தாள். ஒரு பொய்ப் பெயரில் பிரெஞ்சுப் படிவம், பிறந்த வீட்டுப் பெயர் காலி. ஸ்கிரிப்ட் நின்றது. அப்புறம் கிளினிக் பக்கத்தில் 1.9 என்று அனுப்பினாள். திரையில் 1.0 வந்தது.

மதாம் வாய்க்குள் ஏதோ பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு சிலுவை போட்டார்.

"எத்தனை நாளு இப்படி ஆயிருக்கும்?"

ஸமீஹா தேடிப் பார்த்துச் சொன்னாள். "பதினோரு நாளு, மதாம்."

மறுநாள் காலையில் ராஜாங்கத்தின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். ராஜாங்கம் கெட்ட ஆள் இல்லை. சென்னையில் நல்ல வேலையை விட்டுவிட்டு, சொந்த ஊரில் நாலு பேருக்கு வேலை கொடுக்கணும் என்று வந்தவர். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது. கொஞ்ச நேரம் மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார்.

"கடலூர், விழுப்புரம் லேபுங்கள்ல?"

"அங்க பிரெஞ்சு ஸ்கிரிப்ட் இல்ல சார். அங்க ஆகாது."

"அப்ப இங்க மட்டும்தான். சரி. இன்னிக்கே திருத்திடு. புது வெர்ஷன்னு சொல்லிப் போட்டுட்டு வந்துடு. காரணம் எல்லாம் எழுத வேணாம்."

"சார், ராத்திரி சுருளோட ஒத்துப் பார்த்தேன். பதினோரு நாள்ல இருநூத்திச் சொச்சம் பேரு. அதுல முப்பத்தொம்பது பேருக்கு எண்ணு மாறினது ஆபத்தான எடத்துல. அவங்களுக்குச் சொல்லணும் சார்."

"சொன்னா இன்னா ஆவும்னு நெனச்சுப் பார்த்தியா? இந்த ஆபீஸ் இருக்காது. எட்டுப் பேரு வீட்ல ஒல கொதிக்காது. மதாம் லேபை இழுத்து மூடணும். அந்தம்மாவோட கிட்னி திரும்பி வந்துடுமா?"

"வராது சார். ஆனா மத்தவங்க இன்னும் மாத்திரை முழுங்கிட்டு இருக்கலாம்."

ராஜாங்கம் குரலைத் தாழ்த்தி, "நீதானம்மா சொன்னே, ஒண்ணு இன்னொண்ணைத் தொடாதுன்னு," என்றார்.

குற்றம் சாட்டுகிற மாதிரி அவர் சொல்லவில்லை. நம்பியவன் கேட்கிற மாதிரி கேட்டார். தனித்தனியாக ஓடவிடலாம் என்று தான் முதலில் கேட்டதை அவள் அப்போது நினைவூட்டியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் ஜூனில் அந்தக் கையேட்டை எழுதியபோது யாரும் அவள் கையைப் பிடித்து எழுதச் சொல்லவில்லை. எழுந்து வந்தாள்.

அன்றைக்கே அவள் மூன்றையும் மூன்று தனிப் புரோகிராமாகப் பிரித்தாள். பழைய கம்ப்யூட்டர் திணறியது. அறிக்கை வரக் கொஞ்சம் தாமதமானது, அவ்வளவுதான். அந்தத் தாமதத்தைத் தாங்கிக்கொண்டிருந்தால் போதுமாக இருந்திருக்கும் என்பது அவளுக்கு மறக்கவில்லை.

அதன்பின் முப்பத்தொன்பது பேரின் பட்டியலை அச்சடித்துக்கொண்டு நேராகச் சூஃப்ரென் வீதிக்குப் போனாள். அவள் சொல்வதற்கு முன்பே மதாம் போனைப் பக்கத்தில் இழுத்துவைத்திருந்தார்.

"நீ பாதி, நான் பாதி," என்றார். "ராஜாங்கம் எனக்கும் போன் பண்ணாரு. நான் வச்சுட்டேன்."

தேங்காய்த்திட்டுக்கு மட்டும், சில நாள் கழித்து, ஸமீஹா தானே போனாள்.

துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த தெருவில் வீடு. முதல் நாள்தான் அஞ்சலாட்சியை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸுக்குப் போகவேண்டும். கட்டிலில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு. ஏலத்தில் சத்தம் போட்டுப் பழகிய தொண்டை என்று யாரும் சொல்லாமலேயே தெரிந்தது. ஆனால் முகம் ஊதி, மஞ்சள் பாய்ந்திருந்தது. மகள் தனக்கொடி முப்பது வயசுக்காரி. லேபிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும், "உக்காருங்க மேடம்," என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

ஸமீஹா நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

கம்ப்யூட்டர், ஸ்கிரிப்ட் என்றெல்லாம் சொல்லி அந்தச் சொற்களுக்குப் பின்னால் மறைந்துகொள்ளக்கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். "ஒரே வீட்ல மூணு குடித்தனம் வச்ச மாதிரி செஞ்சேன். சமையல் தனி, கதவு தனி, பூட்டு தனி. ஆனா கெணறு ஒண்ணுதான்னு நான் பார்க்கல. ஒரு வீட்டுக்காரங்க கலக்கிட்டுப் போனது எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துடுச்சு. உங்கம்மாவுக்கு அன்னிக்கு ஒண்ணே முக்காலுக்கு மேல இருந்துச்சு. பேப்பர்ல ஒண்ணுன்னு வந்துச்சு. அதைச் செஞ்சவ நான்தான்."

தனக்கொடி கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப அன்னிக்கே கிட்னி கெட்டிருந்துச்சா?"

"கொஞ்சம் கெட்டிருந்துச்சு. தெரிஞ்சிருந்தா டாக்டர் அந்த மாத்திரையக் குடுத்திருக்க மாட்டாரு."

"குடுக்காம இருந்திருந்தா?"

"இன்னும் பல வருஷம் ஓடியிருக்கலாம்னு சொல்றாங்க."

"எத்தினி வருஷம்?"

"தெரியலங்க."

"தெரியலயா?" தனக்கொடியின் குரல் உயர்ந்தது. "எங்கம்மா காலையில நாலு மணிக்கு எழுந்து ஏலத்துக்குப் போவும். அப்பன் போனதுக்கு அப்புறம் அதுதான் எங்களை வளத்துச்சு. நீ ஏதோ பொட்டிக்குள்ள தப்பாப் போட்டே, இங்க வந்து நின்னுகிட்டு தெரியலன்றே?"

ஸமீஹா தலை குனிந்துகொண்டாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். அவர்கள் வீட்டில், அவர்கள் முன்னால், தான் அழுவது நியாயமில்லை என்று தோன்றியது.

கட்டிலிலிருந்து அஞ்சலாட்சி பேசினார். மூச்சு இடையிடையே நின்று நின்று வந்தது.

"விடுடி. அந்த மாத்திரை போட்டப்போ வலியே தெரியல. ஆறு மாசம் எவ்ளோ நல்லா நடந்தேன் தெரியுமா பாப்பா? மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரை வரைக்கும் நடந்தே போவலாம்னு இருந்தேன்."

மன்னித்துச் சொன்னாரா, வெறுமனே நினைத்துச் சொன்னாரா என்று ஸமீஹாவுக்குத் தெரியவில்லை. தனக்கொடி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். ஸமீஹா கையோடு கொண்டுவந்திருந்த சுருளின் நகலையும், நடந்ததை எழுதிக் கையெழுத்திட்ட தாளையும் நாற்காலிமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அந்தத் தாளை வைத்துத்தான் தனக்கொடி நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டாள். அப்படிப் போடுவாள் என்று தெரிந்துதான் ஸமீஹாவும் கொடுத்தாள். ராஜாங்கம் அவளை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. ஆனால் ஆபீஸில் மற்ற ஏழு பேரும் அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்களில் ஒருவனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். ஏப்ரலில் ஸமீஹாவே ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். ராஜாங்கம் அதை வாங்கி, படிக்காமலேயே இழுப்பறையில் போட்டார்.

மன்றத்தில் அவளை விசாரித்த நாளில் அவளைப் பெற்ற அத்தா அப்துல் முத்தலிப்பும் கூட வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கம்பெனி வக்கீல் அந்தக் கையேட்டைப் பிரித்துக் காட்டினார்.

"கோளாறு மற்றொன்றை எட்டாது. இது நீங்க எழுதினதா?"

"ஆமாம்."

"எழுதும்போது உண்மைன்னு நம்பித்தானே எழுதினீங்க?"

அது அவளைக் காப்பாற்றும் கேள்வி. கம்பெனியையும் சேர்த்துக் காப்பாற்றும். ஆமாம் என்று ஒரு சொல் போதும்.

"நம்பினேன்," என்றாள் ஸமீஹா. "ஆனா சோதிச்சுப் பார்க்கல. ஒண்ணு பாதியில விழுந்தா மத்தது எப்படி நடக்குதுன்னு ஒரு தடவைகூடப் பார்க்கல. பார்க்காமலே எழுதிட்டேன்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குப் போகும் வழியில், காந்தி வீதித் திருப்பத்தில் அத்தா, "வெயில் அடிக்குது, முக்காட்டைச் சரியாப் போட்டுக்கம்மா," என்றார்.

தீர்ப்பு வருமுன், செப்டம்பரில், அஞ்சலாட்சி இறந்துபோனார். மதாம் சொல்லித்தான் ஸமீஹா அதை அறிந்தாள். போகலாமா வேண்டாமா என்று ஒரு பகல் முழுக்க யோசித்துவிட்டுப் போனாள். தெருமுனையில் பந்தல் தெரிந்தது. வாசலில் பெண்கள் நடுவில் இருந்த தனக்கொடி தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள். வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. திரும்பக் குனிந்துகொண்டாள். ஸமீஹா பந்தலுக்கு வெளியே, ஐஸ் பெட்டி ஏற்றிய மீன் வண்டி ஓரமாக, பாடை எடுக்கும்வரை நின்றாள்.

கொலெத் மதாம் அந்த வருஷக் கடைசியில் லேபை மூடினார். மகள் அனைஸ் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள் என்று பிரான்சிலுள்ள துலூஸுக்குப் போய்விட்டார். தீர்ப்பில் சொன்ன நஷ்டஈட்டைக் கட்டிய பின்னும் ராஜாங்கத்தின் கம்பெனி எப்படியோ தட்டுத்தடுமாறி நடந்தது, நாலு பேரோடு. ஸமீஹாவுக்குக் காலாப்பட்டில் ஒரு கல்லூரியில், கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. மென்பொருள் எழுதும் வேலை எதற்கும் அவள் மனுப் போடவில்லை.

முப்பத்தொன்பது பேரில் முப்பத்தெட்டுப் பேரை அவளும் மதாமும் கண்டுபிடித்திருந்தார்கள். நான்கு பேருக்கு டாக்டர்கள் மருந்தை மாற்றினார்கள். ஒருவர் வேறு எதனாலோ முன்பே இறந்திருந்தார். அவர் மனைவியிடம் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. சிலர் திட்டினார்கள், பலர் நன்றி சொன்னார்கள். நன்றி சொன்னவர்களைவிடத் திட்டியவர்களைத் தாங்கிக்கொள்வது சுலபமாக இருந்தது.

அகப்படாதவள் ஒருத்திதான். பெயர் கமலவேணி, வயது முப்பத்துநான்கு, ஊர் அரியாங்குப்பம். போன் நம்பர் இல்லை, தெரு இல்லை. பொட்டாசியம் 5.9, பேப்பரில் 5.0. இதயத்தைச் சட்டென்று நிறுத்திவிடக்கூடிய இடத்தை நெருங்கிய எண் அது. அனுப்பிய கிளினிக் டாக்டருக்கு ஆளை ஞாபகம் இல்லை.

தேடுவதை விடாமல், அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸமீஹா அரியாங்குப்பத்தில் தெருத் தெருவாக விசாரித்தாள். ஒரு கமலவேணி பள்ளிக்கூடத்தில் படிக்கும் பெண். இன்னொருத்தி ஐம்பது தாண்டியவள், லேப் பக்கமே போனதில்லை. மூன்றாவது கமலவேணியின் வீடு பூட்டிக் கிடந்தது.

"யாரு, கமலாவா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, வடகத்தைக் காயவைத்தபடி. "அவங்க காலி பண்ணிட்டுப் போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது. நீ யாரும்மா, சொந்தமா?"

"இல்ல. அவங்க ரத்தப் பரிசோதனை சம்பந்தமா..." என்று ஆரம்பித்த ஸமீஹா, "நல்லா இருந்தாங்களா, போறப்போ?" என்று கேட்டாள்.

"போறப்போ நல்லாத்தான் இருந்தா. எங்க போனாங்கன்னு தெரியாது. அவ வீட்டுக்காரனுக்குத் திருப்பூர்லயோ எங்கயோ வேலைன்னாங்க."

ஸமீஹா தன் பெயரையும் போன் நம்பரையும் ஒரு தாளில் எழுதி, கமலா எப்போதாவது வந்தால் கொடுக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தாள். அவள் அதை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, மறுபடி வடகத்துப் பக்கம் திரும்பினாள்.